மண்டபம் ஆக்கிரமிப்பு அல்ல: குமரி மாவட்ட அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்டத்தில் சாலை போடுகிறவர்களுக்கும், நிலப் பதிவேடுகளை வைத்திருப்பவர்களுக்கும், பழஞ்சின்னங்களைக் காக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

சென்ற மாதம் எங்கள் ஊர் முக்கில் இருக்கும் கல்மண்டபத்தின் மேற்குத் தூணில் யாரோ சிவப்புச் சாயத்தால் ஓர் எண் எழுதிவிட்டுப் போனார்கள். சிவப்பு எண்ணுக்கு என்ன பொருள் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நிலம் அளக்கும் வேலையில் 31 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். மனு எழுதிக் கேட்டேன். மூன்று வரியில் பதில் வந்தது. சாலைப் புறம்போக்கில் உள்ள ஆக்கிரமிப்பாம், காக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் இல்லையாம், அகற்றப்படுமாம்.

எந்த அலுவலகம் இந்தப் பதிலை அனுப்பியது என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் கையெழுத்துப் போட்ட ஒருவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டுக் கோப்பை மூடிவிடுவீர்கள். எனக்கு அவர்மீது கோபம் இல்லை. அந்த ஒரு சொல்லின்மீதுதான் கோபம். ஆக்கிரமிப்பு!

அந்த மண்டபம் பெரியதொன்றும் அல்ல. எட்டுத் தூண்கள், மேலே கற்பலகைக் கூரை, உள்ளே இரண்டு பக்கமும் உட்காரக் கல்திண்ணை, முன்னால் மாடு தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி. எங்கள் ஊரில் வழியம்பலம் என்பார்கள். இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடம். கூரையைத் தாங்கும் உத்தரத்தின் உட்புறத்தில் எழுத்து இருக்கிறது. மூன்று தலைமுறையாகப் பொங்கல்தோறும் சுண்ணாம்பு அடித்து அடித்து அந்த எழுத்து மூடிக்கிடக்கிறது. மாலை நான்கு மணிக்கு மேல் வெயில் சாய்ந்து உள்ளே விழும். அப்போது கொஞ்சம் தலையைச் சாய்த்துப் பார்த்தால் 'கொல்லம்' என்ற சொல் தெரியும். அதை அடுத்து ௯௱ என்ற தமிழ் எண் தெரியும். அதற்கப்பால் சுண்ணாம்பு. ௯௱ என்றால் தொள்ளாயிரம். கொல்லம் என்பது இந்தப் பக்கம் வழங்கிய ஆண்டுக்கணக்கு. அதோடு 825ஐக் கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு வரும். ஆகவே, இந்த மண்டபம் 1725க்கும் 1824க்கும் இடையில் எப்போதோ கட்டப்பட்டது. சரியான ஆண்டு எது, கட்டியவர் யார், எதற்காகக் கட்டினார் என்பதெல்லாம் ஒரு விரற்கடைச் சுண்ணாம்புக்குப் பின்னால் இருக்கிறது.

அந்த நூறு ஆண்டுகளின் பெரும்பகுதியில், இந்தப் பகுதியை ஆண்ட திருவிதாங்கூரின் தலைநகரம் நம் மாவட்டத்துப் பத்மநாபபுரம். 1795 வாக்கில்தான் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்தவர்களும் கோட்டாற்றுச் சந்தைக்குப் போனவர்களும் நடந்தே போன காலம். மண்டபம் நின்றது நடைபாதை ஓரத்தில். பிறகு அதில் வண்டி போயிற்று, பஸ் போயிற்று, இப்போது லாரி போகிறது. சாலைதான் ஒவ்வொரு முறையும் அகன்று அகன்று மண்டபத்தின்மேல் வந்து இடித்திருக்கிறது. யார் யார் இடத்தை ஆக்கிரமித்தது என்று, நில எல்லைகளைக் காட்டும் புலப்படத்தை எடுத்துப் பாருங்கள். அந்த முக்கில் ஒரு சின்னச் சதுரம் தனி உட்பிரிவாகப் போடப்பட்டிருக்கும். திருவிதாங்கூர் காலத்துப் பழைய மலையாளப் பதிவேட்டில் அதற்கு நேராக 'வழியம்பலம்' என்றே எழுதியிருக்கிறது. நானே அந்த வரியைப் பார்த்துத்தான் 1980களில் சங்கிலி பிடித்து அந்த இடத்தை அளந்தேன். உங்கள் பதிவேடே ஒப்புக்கொண்ட ஒன்றை உங்கள் கடிதம் ஆக்கிரமிப்பு என்கிறது.

இதே ஊர்ச் சாலையில் ஏற்கெனவே ஒன்றை இழந்துவிட்டோம். மண்டபத்திலிருந்து ஒரு பர்லாங் மேற்கே ஒரு சுமைதாங்கி இருந்தது. இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு கல்லை நட்டு, அதன்மேல் ஒரு நீளக் கல்லைப் படுக்க வைத்தால் சுமைதாங்கி. ஆள் தோள் உயரம் இருக்கும். என் பாட்டி மரச்சீனிக் கிழங்கைச் சுமந்துகொண்டு திங்கள்சந்தைக்கு நடப்பாள். தனியாக நடக்கிறவளுக்குத் தலைச்சுமையை இறக்கிவிட ஆள் கிடைக்காது. இறக்கினாலும் திரும்பத் தூக்கிவிட ஆள் கிடைக்காது. சுமைதாங்கியின் பக்கத்தில் போய் நின்று, கழுத்தைக் கொஞ்சம் சரித்தால் சுமை சும்மாட்டோடு கல்லின்மேல் நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும். இளைப்பாறியபின் அதே கல்லின் ஓரத்தில் தலையைக் கொடுத்து இழுத்துக்கொள்ளலாம். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இறந்துபோன பெண்ணுக்காகத்தான் பெரும்பாலும் இந்தக் கல்லை நட்டார்கள். இறக்கி வைக்காமல் போன சுமையை இப்படியாவது இறக்கி வைக்கட்டும் என்ற எண்ணம். எங்கள் ஊர்க் கல்லிலும் கொல்லம் ஆண்டும் ஒரு பெண்ணின் பெயரும் இருந்தன. பெயரில் பாதி தேய்ந்துவிட்டது. மிச்சப் பாதியைப் பாட்டி விரலால் தடவிக் காட்டியிருக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் சாலை அகலமானபோது அந்தக் கல்லைப் பிடுங்கினார்கள். நட்டிருந்த இரண்டு கற்களும் எங்கே போயின என்று தெரியவில்லை. மேலே கிடந்த நீளக் கல்லை ஓராண்டு கழித்துக் கண்டேன். ஒரு கடை வாசலில் ஓடைக்கு மூடியாகக் கிடந்தது. எழுத்து இருந்த பக்கம் கீழே. கடைக்காரர் நல்ல மனிதர். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "அருமையான கல் சார், லாரி ஏறினாலும் உடையாது" என்றார். அதைப் புரட்டிப் போடச் சொல்லி நான் ஏறாத அலுவலகப் படி இல்லை. ஒரு கல்லுக்காக எந்தத் துறையிடம் மனுக் கொடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு ஓடையைக் காங்கிரீட் போட்டு மூடினார்கள். கல் இன்னும் உள்ளேதான் இருக்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றிப் பேசினால் சிரிப்பு வருகிறது. நடுவண் அரசு காக்கும் சின்னம் என்றால் அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் கட்டத் தடை. அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். நல்லது. மண்ணுக்கு அடியில் புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று 1878லேயே சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால் போதும். ஆனால், மண்ணுக்கு மேலே எல்லோரும் பார்க்க நிற்கிற, பட்டியலில் ஏறாத கல்லுக்கு ஓர் அடி இடம்கூடக் கிடையாது. புதைத்து வைத்திருந்தால் எங்கள் ஊர்க் கல் பிழைத்திருக்கும்.

பட்டியலில் ஏன் ஏறவில்லை என்பதற்கு இம்மாவட்டத்துக்கே உரிய ஒரு காரணம் உண்டு. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தன. மக்கள் வந்தார்கள், வயல் வந்தது, அணை வந்தது. இவற்றைப் பற்றிய காகிதங்கள் பல வரவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே திருவிதாங்கூர் அரசு து. அ. கோபிநாத ராவைக் கொண்டு நம் ஊர்க் கல்வெட்டுகளைப் படியெடுக்கத் தொடங்கிவிட்டது. ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றி எடுக்கும் மைப்படிகள் அவை. திருவனந்தபுரத்தில் இருந்தவை திருவனந்தபுரத்திலேயே தங்கின. பத்மநாபபுரம் அரண்மனையே இன்றும் கேரளத் தொல்லியல் துறையின் கையில்தான் இருக்கிறது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை, நன்றாகவே பராமரிக்கிறார்கள். ஆனால், அந்த அரண்மனைக்குப் போன சாலைகளின் வழியம்பலங்களுக்கும் சுமைதாங்கிகளுக்கும் இரண்டு பக்கமும் ஆளில்லாமல் போயிற்று. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதி அம்மனும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஆண்டுதோறும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகிறார்கள். இரண்டு மாநிலக் காவலர்களும் எல்லையில் மரியாதை செய்கிறார்கள். தெய்வங்களுக்கு எல்லையில் ஏற்பாடு செய்ய முடிகிற இரண்டு அரசுகளால் கல்வெட்டுப் படிகளுக்கும் ஏற்பாடு செய்ய முடியாதா?

படிக்கப்பட்ட கற்கள் நமக்கு என்ன தந்திருக்கின்றன என்பதைப் பார்த்தால்தான், படிக்காமல் உடைத்தவற்றின் கணக்கு உறைக்கும். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் சிதறால் மலைக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள் பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர்களின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கேயே வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இந்தப் பகுதியை ஆண்ட ஆய் மரபு மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், பேராயக்குடி அரட்டநேமி படாரரின் மாணாக்கி குணந்தாங்கிக் குரத்தி திருச்சாரணத்துப் பட்டாரியருக்கு, அதாவது இந்த மலைக்கோயில் அம்மனுக்கு, பொன் கொடுத்த செய்தி அதில் உள்ளது. குரத்தி என்றால் பெண் குரு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இந்த மலையில் ஒரு பெண் ஆசிரியர் இருந்தார், அவருடைய ஆசிரியர் இன்னார் என்பது வரை நமக்குத் தெரிகிறது. யாரோ ஒருவர் மலையேறிப் போய் மைப்படி எடுத்ததால் தெரிகிறது. திருநந்திக்கரைக் குடைவரையில், முதலாம் இராசராசன் தன் ஐப்பசிச் சதயத் திருநாளுக்காக முட்டம் என்ற ஊரை மும்முடிச்சோழநல்லூர் என்று பெயர் மாற்றிக் கொடுத்த கல்வெட்டு இருக்கிறது. அங்கே சுவரோவியங்களும் உண்டு. இப்போது கோடுகளாக மிஞ்சியிருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது பார்த்திவபுரம் செப்பேடு. கி.பி. 866ஐச் சேர்ந்தது. அளவுக்காரனுக்குத்தான் அதன் ருசி தெரியும். ஆய் மன்னன் கருநந்தடக்கன் கோயிலும், 95 சட்டர்கள் (வேத மாணவர்கள்) தங்கிப் படிக்கும் சாலையும் (கல்விக்கூடமும்) அமைக்க ஆசைப்பட்டான். மன்னன்தானே, இடத்தை எடுத்துக்கொண்டிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. முஞ்சிறைச் சபையாரிடம் அவர்களுடைய உழக்குடிவிளை என்ற நிலத்தைக் கேட்டு, மாற்று நிலம் கொடுத்து வாங்கினான். இன்றும் இம்மாவட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு 'விளை', அதாவது தோட்ட நிலம், இருக்கும்; நான் அளந்த சர்வே எண்களில் பாதி விளைகள்தான். ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய நிலப் பரிவர்த்தனை அத்தனை ஒழுங்காக நடந்திருக்கிறது. அதே மாவட்டத்தில், ஊர் மக்களின் மண்டபத்துக்கு ஊரில் யாரையும் கேட்காமல் சிவப்பு எண் போடுகிறோம்.

பெரிய சின்னங்களின் கதையும் முழுதாக வெளியே தெரிகிறது என்று சொல்ல முடியாது. புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். மானைப் பார்த்தார்கள். கோட்டைக்குள் கூரையில்லாத தேவாலயத்தில் டிலனாய் புதைக்கப்பட்டிருக்கிறார். 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுப் படைத் தலைவர். பிடித்தவருக்கே படை பயிற்றுவித்து, இந்தக் கோட்டையைப் புதுக்கி, 1777இல் இங்கேயே இறந்தார். கல்லறையில் இலத்தீனோடு தமிழும் இருக்கிறது. இந்தக் கோட்டையில் அவரோடு வேலை பார்த்த நீலகண்ட பிள்ளைதான் தேவசகாயம் ஆனார். 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். நாகர்கோவில் நாகராசா கோயில் தூண்களில் பார்சுவநாதரும் மகாவீரரும் இருக்கிறார்கள். ஊரின் பெயரைத் தந்த கோயிலில் சமணத் தீர்த்தங்கரர்கள் ஏன் இருக்கிறார்கள் என்று பேத்தி கேட்டாள். அந்தக் கோயில் தொடக்கத்தில் சமணருடையது, பதினாறாம் நூற்றாண்டில்கூட அங்கே குணவீர பண்டிதன், கமலவாகன பண்டிதன் என்ற சமணர்கள் பொறுப்பில் இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது என்று நான் சொன்னேன். தாத்தா இல்லாமல் வருகிற பிள்ளைக்கு யார் சொல்வார்கள்?

தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையை நாம் பாட்டுக்காக மட்டும் கொண்டாடுகிறோம். அவர் கல்வெட்டும் செப்பேடும் தேடிப் படித்தவர். அவர் பிறந்த மாவட்டத்தில் இன்று ஓர் உத்தரத்துச் சுண்ணாம்பை முறையாக நீக்கிப் படிக்க ஆள் வரவில்லை.

என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். வேலையில் இருந்த காலத்தில் ஒரு மழை நாள். ஓர் ஓடைக்கரையில் இடிந்த தண்ணீர்ப்பந்தல் கல் ஒன்று நின்றது. படத்தில் குறித்தால் உட்பிரிவு போட வேண்டும். உட்பிரிவு போட்டால் இன்னொரு நாள் வர வேண்டும். குறிக்காமல் விட்டேன். நான்கைந்து ஆண்டுகள் கழித்து அந்தப் பக்கம் போனபோது கல் இல்லை. அதைக் கேட்க எந்தப் பதிவேடும் இல்லை, என்னால்! ஆகையால், ஒரு கோடு போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை உங்களுக்குச் சொல்லும் தகுதி எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

நான் கேட்பவை இவை.

முதலில், எங்கள் ஊர் மண்டபத்துக்கு அனுப்பிய கடிதத்தைத் திரும்பப் பெறுங்கள். சாலை அகலமாகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த இடத்தில் எதிர்ப்பக்கத்தில் புறம்போக்கு இருக்கிறது, படத்தோடு காட்டுகிறேன். எந்த வகையிலும் முடியாது என்று அளந்து உறுதிசெய்த பிறகு, கற்களுக்கு எண் போட்டுக் கழற்றி, அதே வரிசையில் பத்தடி தள்ளி நிறுத்துங்கள். எண் போடச் சாக்குக்கட்டி போதும். தூணில் எண்ணெய்ச் சாயம் வேண்டாம்.

அடுத்தது, ஊர் ஊராக ஒரு பட்டியல். இதற்குப் பெரிய குழுவோ கோடிக்கணக்கான பணமோ வேண்டியதில்லை. பழைய மலையாளப் பதிவேடுகளைப் படிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற ஊழியர்கள் ஒவ்வொரு தாலுகாவிலும் இன்னும் இருக்கிறார்கள். பத்து ஆண்டு கழித்து இருக்க மாட்டார்கள். வழியம்பலம், சுமைதாங்கி, கல்தொட்டி, படிக்கிணறு, தனிக்கல்வெட்டு என்று அந்தப் பதிவேடுகளில் எழுதப்பட்ட வரிகளை எடுத்து, கிராம நிர்வாக அலுவலரோடு ஒரு நாள் நடந்து பார்த்தால், எது நிற்கிறது, எது போயிற்று என்று தெரிந்துவிடும். தமிழ்நாட்டுக்கு 1966ஆம் ஆண்டுச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2012இல் மரபுரிமை ஆணையச் சட்டமும் இயற்றியிருக்கிறோம். எதைக் காப்பது என்று தெரிந்தால்தானே சட்டம் காக்கும்? பட்டியல் முடியும் வரை, எந்தச் சாலைப் பணிக்கும் மதிப்பீடு தயாரிக்கும்போது அந்தச் சாலையை ஒருவர் நடந்து பார்த்து, கல் சின்னம் இருக்கிறது அல்லது இல்லை என்று கையெழுத்திட வேண்டும் என ஓர் உத்தரவு போடுங்கள். ஜீப்பில் உட்கார்ந்து பார்த்தால் சுமைதாங்கி கண்ணில் படாது.

கேரள அரசிடம் உள்ள நம் மாவட்டக் கல்வெட்டுகளின் மைப்படிகளுக்கும் கோப்புகளுக்கும் நகல் கேட்டு எழுதுங்கள். மூலம் அவர்களிடமே இருக்கட்டும்.

உதயகிரியிலும் சிதறாலிலும் திருநந்திக்கரையிலும் கல்வெட்டு என்ன சொல்கிறது என்பதைத் தமிழில், ஆண்டோடும் பெயரோடும், பத்து வயதுப் பிள்ளை படிக்கும்படி எழுதி வையுங்கள். பழமையான, புகழ்பெற்ற என்ற இரண்டு சொற்களையும் தவிர்த்தால் பலகையில் இடம் தாராளமாகக் கிடைக்கும்.

கடை வாசல் ஓடையை அடுத்த முறை எதற்காகத் தோண்டினாலும் என்னைக் கூப்பிடுங்கள். கல் எந்த இடத்தில் கிடக்கிறது என்று கடையின் சுவரிலிருந்து அளந்து வைத்திருக்கிறேன்.

மண்டபத்தின் உத்தரத்தைப் படிக்கக் கல்வெட்டுத் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள். உளியும் கம்பித் தூரிகையும் கொண்டு வருகிற ஆள் வேண்டாம். வெயில் நாளாகப் பார்த்து, மாலை நான்கு மணிக்கு வரச் சொல்லுங்கள். ஐந்தரைக்கு மேல் ௯௱ கூடத் தெரியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவர்,
கல்குளம் தாலுகா